மஞ்சள் குழாய்

6 ஜனவரி 2007, சனி

கம்பெனி கொடுத்த டைரி. போன வருடத்து டைரி பிப்ரவரியோடு நின்றுவிட்டது, அதற்குப் பிறகு முழுக்க டெலிபோன் நம்பர்கள். இந்த வருடமாவது மார்ச்சைத் தாண்டப் பார்க்கிறேன்.

உமேஷுக்கு இந்தக் கடல் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்று தெரியவில்லை. பெங்களூர் பக்கத்து ஆனேக்கலில் பிறந்து வளர்ந்த ஆள். தண்ணீர் என்றால் ஏரிதான். போன மே மாதம் ஆபீஸ் டூரில் அந்தமான் போனபோது, அடியில் கண்ணாடி வைத்த படகில் உட்கார வைத்து மீன் காட்டினார்களாம். அன்றிலிருந்து மனிதர் மனிதராக இல்லை. ஆறு மாதம் ஒளிந்து ஒளிந்து நீச்சல் கற்றுக்கொண்டார். இப்போது கல்யாண நாள் பரிசு என்று ஸ்கூபா டைவிங் கோர்ஸுக்கு இரண்டு பேர் பெயரையும் கொடுத்துவிட்டார். மற்ற பெண்களுக்குப் புடவை கிடைக்கிறது, எனக்கு சிலிண்டர்.

இன்று முதல் வகுப்பு. ரிச்சர்ட்ஸ் டவுனில் ஒரு கிளப், அதன் நீச்சல் குளத்தை வாடகைக்கு எடுத்து நடத்துகிறார்கள். சொல்லிக்கொடுப்பவள் ஃபாத்திமா. என் வயதுதான் இருக்கும், முப்பது. மாலத்தீவில் நான்கு வருடம் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியிருக்கிறாள். குரல் மட்டும் போலீஸ் குரல்.

வந்ததும் ஒரு ஃபாரம் கொடுத்தாள். காது, இதயம், வலிப்பு, சர்க்கரை என்று வரிசையாகக் கேள்விகள். பத்தாவது கேள்வி: ஆஸ்துமா, மூச்சிழுப்பு எப்போதாவது இருந்ததுண்டா?

“ஒரு கேள்விக்கு எஸ் வந்தாலும் டாக்டர் லெட்டர் வேணும்” என்றாள் ஃபாத்திமா. “அதுக்குப் பயந்து எல்லாத்துக்கும் நோ போட்டுட்டு ஜல்தியா குதிக்கலாம்னு பாக்காதீங்க. தண்ணிக்குள்ள போயி ஃபாரத்தைத் திருத்த முடியாது.”

எங்கள் இருவருக்கும் ஒரே பேனா. உமேஷ் முடித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். “எல்லாம் நோதானே அனு? சட்டுனு போட்டுத் தள்ளு.”

போட்டுத் தள்ளினேன். பத்தாவதுக்கும் நோ.

ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயர் ஃபெயில் அனுஷா. சாஃப்ட்வேர் டெஸ்டிங்தான் என் பிழைப்பு. “என் மெஷின்ல ஓடுது மேடம்” என்று வரும் பையன்களின் வேலையைத் தயவு தாட்சண்யம் இல்லாமல் திருப்பி அனுப்புகிறவள். அந்தக் கையால்தான் நோ போட்டேன். 

7 ஜனவரி, ஞாயிறு

டைரியிடம் என்ன ஒளிவு? எழுதிவிடுகிறேன்.

ஏழு வயதிலிருந்து எனக்கு இழுப்பு. தர்மபுரியில் பார்க்காத டாக்டர் இல்லை. மூன்று வருடம் ஜூன் மாதத்தில் அப்பா என்னை ரயிலேற்றி ஹைதராபாத் மீன் மருந்துக்குக் கூட்டிப் போனார். உயிருள்ள குட்டி விரால் மீனின் வாயில் மருந்தை வைத்துத் தொண்டைக்குள் விடுவார்கள். மூன்று மீன் விழுங்கியிருக்கிறேன். போகவில்லை. பெரியவளான பிறகு குறைந்தது, பெங்களூருக்கு வந்த பிறகு திரும்பியது. இந்த ஊர்க் குளிருக்கும் பூக்களுக்கும் மூச்சிழுப்பென்றால் கொள்ளைப் பிரியம்.

பெண் பார்க்க வருவதற்கு முதல் நாள் அம்மா சொன்னது: “இதை மட்டும் வாயைத் தொறந்து சொல்லிடாதே. வந்த வரன் போயிடும். அப்புறம் அவர்கிட்டயும் வேணாம். ஆம்பளைங்க கோவத்துல சொல்லிக் காட்டுவாங்க.”

மூன்று வருடம் ஆகிறது. இன்ஹேலர் வெந்தய டப்பாவில் இருக்கிறது. உமேஷ் சமையலறையில் எதைத் தொட்டாலும் வெந்தயத்தைத் தொட மாட்டார். மூச்சு இறுகினால் பாத்ரூமுக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு இரண்டு இழுப்பு இழுப்பேன். தண்ணீர்ச் சத்தத்தில் எதுவும் கேட்காது.

இன்று குளத்தில் இருநூறு மீட்டர் நிற்காமல் நீந்த வேண்டும், பிறகு பத்து நிமிடம் மிதக்க வேண்டும். இரண்டையும் முதலில் முடித்தது நான்தான். உமேஷ் வாயைப் பிளந்தார். “எங்கடி கத்துக்கிட்ட?”

“சித்தப்பா தோட்டத்துக் கிணத்துல.”

உண்மைதான். இழுப்புக்கு நீச்சல் நல்லது என்று டாக்டர் சொன்னதால்தான் கிணற்றில் இறக்கினார்கள் என்பதை மட்டும் விட்டுவிட்டேன்.

16 ஜனவரி, செவ்வாய்

பொங்கலுக்கு அம்மா வந்திருந்தாள். இன்று காலை தர்மபுரி பஸ்ஸில் ஏற்றிவிட்டேன். அந்தப் பழுப்பு நிறக் கைப்பையை இந்தத் தடவையும் யாரையும் தொடவிடவில்லை. சாப்பிடும்போது மடியில், தூங்கும்போது தலைமாட்டில். “உள்ள என்னத்தை அத்தை பூட்டி வெச்சிருக்கீங்க, கோலார் தங்கமா?” என்று உமேஷ் சீண்டினார். அம்மா சிரித்து மழுப்பிவிட்டாள்.

மேஜை மேல் கிடந்த டைவிங் புத்தகத்தைப் பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. சமையலறையில் என்னைப் பிடித்துக்கொண்டாள்.

“உடம்பு பத்தி ஏதாச்சும் கேட்டாங்களா?”

“கேட்டாங்க.”

“என்ன எழுதின?”

“இல்லைன்னு எழுதினேன்.”

தலையை ஆட்டினாள். நல்லது என்று சொல்வாள் என நினைத்தேன்.  கரும்பைத் துண்டு போட்டுக்கொண்டே இருந்தாள், யாரும் சாப்பிட முடியாத அளவுக்கு.

20 ஜனவரி, சனி

மாஸ்க் பாடம். தண்ணீருக்கடியில் முட்டி போட்டு உட்கார்ந்து, முகத்தில் இருக்கும் மாஸ்க்கில் தண்ணீரை உள்ளே விட வேண்டும். பிறகு மூக்கால் ஊதி அதை வெளியேற்ற வேண்டும். அதற்கும் மேல் போய் மாஸ்க்கையே கழற்றிவிட்டு, வாயால் மட்டும் மூச்சு விட்டபடி ஒரு நிமிடம் இருக்க வேண்டும்.

எனக்கு இரண்டாவது முயற்சியில் வந்தது. வாழ்க்கை முழுக்க மூச்சை எண்ணி எண்ணி விட்டவளுக்கு இது ஒரு வித்தையா?

உமேஷ்தான் பாவம். மூக்கில் தண்ணீர் பட்டதுமே துள்ளிக்கொண்டு மேலே வந்துவிடுகிறார். ஐந்து தடவை. ஆறாவது தடவை எப்படியோ செய்து முடித்துவிட்டுக் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார். டைவிங்கில் கட்டைவிரல் என்றால் மேலே போகலாம் என்று அர்த்தம். ஃபாத்திமா அவரை மேலே கூட்டி வந்துவிட்டாள்.

“அதான் வந்துடுச்சே” என்றார் உமேஷ்.

“ஒரு தடவை வந்தா வந்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, உமேஷ். பதறாம வரணும், திருப்பித் திருப்பி வரணும். அதுதான் ஸ்டாண்டர்ட். சுமாரா பண்ணவங்களை நான் கடலுக்குக் கூட்டிட்டுப் போக மாட்டேன்.”

எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. எங்கள் ஆபீஸில் இருக்க வேண்டியவள். அப்புறம் என் ஃபாரம் நினைவுக்கு வந்தது, பிடித்ததெல்லாம் போய்விட்டது.

21 ஜனவரி, ஞாயிறு

இன்று மஞ்சள் குழாய்.

சிலிண்டரிலிருந்து வாய்க்கு வருவது ஒரு கருப்புக் குழாய். கூடவே மஞ்சள் நிறத்தில் இன்னொன்று நெஞ்சுப் பக்கம் செருகியிருக்கிறது. ஸ்பேர் என்றுதான் நினைத்தேன், கருப்பு கெட்டுப்போனால் நான் வைத்துக்கொள்ள.

“இது உங்களுக்கு இல்ல” என்றாள் ஃபாத்திமா. “பக்கத்துல இருக்கறவங்களுக்கு. அவங்க காத்து தீர்ந்து போச்சுன்னா தேடக்கூடாது. அதுக்குத்தான் மஞ்சள். டைவிங் போற ஒவ்வொருத்தரும் அடுத்தவருக்குன்னு ஒண்ணு சுமந்துட்டுத்தான் போகணும்.”

காற்று தீர்ந்துவிட்டதாக உமேஷ் கழுத்தில் கையை வைத்து வெட்டிக் காட்ட வேண்டும். நான் மஞ்சளை நீட்ட வேண்டும். பிறகு ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு மெதுவாக மேலே வர வேண்டும். மாஸ்க்கில் அத்தனை பதறிய மனிதர் இதில் ஒரு துளி பதறவில்லை. என் முழங்கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, என் சிலிண்டரின் காற்றைக் குடித்துக்கொண்டு, கண்ணாடிக்குள் கண் இரண்டும் சிரிக்க, என்னையே பார்த்தபடி வந்தார்.

மேலே வந்ததும் சொன்னார்: “இந்த ஒரு பாடத்துக்கே கோர்ஸ்ல சேர்ந்தது தகும்.”

27 ஜனவரி, சனி

காலை ஆறரைக் குளிர். உடை மாற்றும் அறையில் ஷவரைத் திறந்துவிட்டு இரண்டு இழுப்பு. இங்கேயும் அதே வேலை.

28 ஜனவரி, ஞாயிறு

புத்தகம் படித்தேன். முதல் விதி, எல்லா விதிக்கும் மேலான விதி: தண்ணீருக்கடியில் மூச்சைப் பிடித்து வைக்கக் கூடாது. ஆழத்தில் உள்ளே போன காற்று, மேலே வர வர விரியும். வெளியே விட வழி இருந்தால் சரி. இல்லையென்றால் நுரையீரல் கிழிந்துவிடும்.

இழுப்பு வந்தால் என்ன ஆகிறது? காற்று உள்ளே போய்விடும், வெளியேதான் வராது. அது என்னைவிட யாருக்குத் தெரியும். அதனால்தான் அந்தப் பத்தாவது கேள்வி. நான் என்னவோ கல்யாண புரோக்கர் கேட்கிற மாதிரி நினைத்துக்கொண்டு பதில் போட்டிருக்கிறேன்.

3 பிப்ரவரி, சனி

உமேஷுக்கு மாஸ்க் இன்னும் சரியாகவில்லை. ஒன்பது பேர் வகுப்பில் பாக்கி அவர் ஒருவர்தான். மார்ச் நடுவில் முருடேஷ்வர் பக்கம் கடலுக்குப் போகிறோம். அதற்குள் ஆகவில்லையென்றால் படகில்தான் உட்கார வேண்டும் என்று ஃபாத்திமா சொல்லிவிட்டாள்.

தண்ணீரில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு தடவையும் ஜோடி ஜோடியாக ஒருவர் சாமான்களை ஒருவர் தொட்டுப் பார்த்துச் சரிபார்க்க வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு கேட்பதற்கென்று ஃபாத்திமாவாகச் சேர்த்த கேள்வி ஒன்று உண்டு: எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா? காது வலி, வயிறு சரியில்லை, பயமாக இருக்கிறது, எதுவானாலும். உமேஷ் இன்று கேட்டார். “ஒண்ணுமில்ல” என்றேன். நான் கேட்டேன்.

“பயமா இருக்கு” என்றார் வெளிப்படையாக. “ஆனா பக்கத்துல நீ இருக்கேங்கறதுதான் தைரியம். எனக்கு ஒண்ணுன்னா நீ பாத்துக்குவ.”

எனக்கு ஒண்ணுன்னா? மாஸ்க்கில் தண்ணீர் போனாலே துள்ளுகிற இந்த மனுஷன் பதினைந்து மீட்டர் ஆழத்துல என்னை வெச்சுக்கிட்டு என்ன பண்ணுவாரு? அவர் பதறி மேல ஏறினா அவருக்கும் ஆபத்து. ஒரே ஒரு நோ. ரெண்டு பேர். என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கேன் நான்.

5 பிப்ரவரி, திங்கள்

காவேரித் தீர்ப்பு. மத்தியானமே ஆபீஸ் பஸ்ஸில் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். “வெளியில ஃபோன் வந்தா எடுக்காதே, எடுத்தாலும் தமிழ்ல பேசாதே” என்று உமேஷ் மெசேஜ். அவருக்கென்ன, வாயைத் திறந்தால் ஆனேக்கல் கன்னடம் அருவியாகக் கொட்டும். நான் பேசாமல் இருந்து பழகியவள்தானே.

12 பிப்ரவரி, திங்கள். பந்த்.

தெருவில் ஒரு ஆட்டோ இல்லை. கேபிளில் தமிழ் சானல் எதுவும் வரவில்லை. பக்கத்து மைதானத்தில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடும் சத்தம் மட்டும்.

பொழுது போகாமல் உமேஷ் ஹாலில் பாய் விரித்து டைவிங் ஒத்திகை ஆரம்பித்தார். இல்லாத பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், இல்லாத சிலிண்டரைத் தட்டினார். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் போலீஸ் குரலில் கேட்டார்: “எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கா?”

“இருக்கு” என்றேன்.

அவர் இன்னும் விளையாட்டிலேயே இருந்தார். “என்ன, சிலிண்டர்ல ஓட்டையா?”

சொல்லிவிட்டேன். எந்த வரிசையில் சொன்னேன் என்று நினைவில்லை. மீன், கிணறு, அம்மா, பத்தாவது கேள்வி. சமையலறைக்குப் போய் வெந்தய டப்பாவை எடுத்து வந்து பாயில் கவிழ்த்தேன். வெந்தயத்தோடு அந்த நீல இன்ஹேலரும் விழுந்தது. அவர் அதை எடுக்கவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தார்.

“பாத்ரூம்ல போய்க் குழாயைத் தொறந்து விடுவியே, அதுக்குத்தானா?”

“ம்.”

“அழறேன்னு நெனச்சேன் அனு.”

எனக்குப் புரியவில்லை.

“மூணு வருஷமா. நீ உள்ள போயித் தண்ணியைத் தொறந்துட்டு அழறேன்னு நெனச்சேன். வெளிய வர்றப்ப கண்ணு செவந்திருக்கும், மூச்சு ஒரு மாதிரி இருக்கும். என்னைக் கட்டிக்கிட்டதுக்குத்தான் அழறேன்னு.”

“கேட்டிருக்கலாம்ல?”

“கேட்டு, நீ ஆமான்னு சொல்லிட்டா?”

ஐயோ. எத்தனை தடவை அந்தக் கதவுக்கு வெளியே நின்னிருப்பாரு. அவர் கூட்டிட்டுப் போன கோவா, மைசூர், இந்த ஸ்கூபா, எல்லாம் எதுக்குன்னு இப்பத்தான் புரியுது. நான் சந்தோஷமா இருக்கேனான்னு பாக்கத்தான். மூச்சு முட்டுது. இழுப்பு இல்ல, அழுகை. இன்னைக்குத்தான் நெஜமாவே அழுதேன், குழாய் இல்லாம.

அவர் கோபப்பட்டிருந்தால் பதில் வைத்திருந்தேன். அவரோ பாயில் சிதறிய வெந்தயத்தைப் பொறுக்க ஆரம்பித்துவிட்டார்.

13 பிப்ரவரி, செவ்வாய்

பேசவில்லை. ஆனால் காபி இரண்டு டம்ளர் போட்டார்.

14 பிப்ரவரி, புதன்

ஆபீஸில் ஆளுக்கொரு ரோஜா. வீட்டில் இன்னும் பேச்சு கிடையாது.

வெந்தய டப்பாவில் இன்ஹேலர் இல்லை. ஒரு நிமிடம் உயிர் போய் வந்தது. பிறகு பார்த்தால், வாசல் கதவுக்குப் பக்கத்தில் பைக் சாவி மாட்டுகிற ஆணிக்கு அருகில் புதிதாக ஓர் ஆணி. அதில் ஒரு சுருக்குப்பை, பைக்குள் இன்ஹேலர். யார் வந்தாலும் முதலில் கண்ணில் படுகிற இடம்.

மாட்டியவர் பேப்பருக்குப் பின்னால் இருந்தார். “அவசரத்துல தேடக்கூடாதாம்” என்றார் பேப்பருக்குள்ளிருந்தே.

17 பிப்ரவரி, சனி

ஃபாத்திமாவிடம் சொன்னேன். குளத்தோரம், ஈரத்தோடு நின்றபடி. எனக்கு முன்னால் உமேஷ் வாயைத் திறக்கப் பார்த்தார், நான் விடவில்லை. நான் போட்ட நோவை நான்தான் அடிக்க வேண்டும்.

கத்துவாள் என்று பார்த்தேன். குரலே எழும்பவில்லை அவளுக்கு. “ஆறு வாரம் என் தண்ணியில இருந்திருக்கீங்க, அனுஷா. உங்களுக்கு ஏதாச்சும் ஆகியிருந்தா நான் அப்புறம் எப்படி இந்தக் குளத்துல காலை வைக்கறது?”

மன்னிப்பு கேட்டேன். இன்னொரு ஃபாரம் கொடுத்தாள். பத்தாவதுக்கு எஸ் போட்டேன்.  எழுத்து கோணலாக விழுந்துவிட்டது.

“என் கிளாஸ்லயே பெஸ்ட் நீங்கதான். கோர்ஸ் முடியறதுக்கு முன்னாடி சொல்லக் கூடாதுன்னுதான் இதைச் சொல்லல” என்றாள். பிறகு மார்பு டாக்டரைப் பார்த்துவிட்டு வரச் சொன்னாள்.

22 பிப்ரவரி, வியாழன்

குழாயில் ஊதினேன். ஓடவிட்டு ஊதச் சொன்னார்கள். மருந்து கொடுத்து மறுபடி ஊதச் சொன்னார்கள்.

டாக்டர் நல்ல மனிதர், சுற்றி வளைக்கவில்லை. நீந்தலாம், மேலே மிதந்தபடி மீன் பார்க்கலாம், குழந்தை பெற்றுக்கொள்ளலாம், எதுவும் செய்யலாம். சிலிண்டர் மாட்டிக்கொண்டு கீழே மட்டும் போகக் கூடாது. லெட்டரில் ஒரே வரி.

ஃபெயில்.

வீட்டுக்கு வரும் வழியில் பைக்கில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டேன். எனக்கு அந்தக் கடல் இவ்வளவு வேண்டியிருந்தது என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. விளையாட்டாகப் போய்ச் சேர்ந்த கோர்ஸ்.

24 பிப்ரவரி, சனி

உமேஷ் வகுப்புக்குப் போக மாட்டேன் என்கிறார். “நீ இல்லாம நான் மட்டும் எதுக்கு? ரெண்டு பேரும் நிறுத்திக்கலாம்.”

வந்ததே எனக்குக் கோபம்! “என்னைச் சாக்கு வெச்சு மாஸ்க்லேர்ந்து தப்பிக்கப் பாக்கறீங்களா?”

“அதெல்லாம் இல்ல.”

“அப்ப கெளம்புங்க. நான் மீன் பாக்காத குறையே போதும், உங்களைப் பாக்க விடாத பாவம் வேற எனக்கு வேணாம்.”

கிளம்பவில்லை. ஆனால் மத்தியானம் துணி ஊற வைக்கும் பிளாஸ்டிக் டப்பை எடுத்துச் சமையலறையில் வைத்து நிறையத் தண்ணீர் பிடித்தேன். வாயில் ஸ்நார்கெல் என்கிற மிதவைக்குழாயைக் கொடுத்து, மாஸ்க் இல்லாமல் முகத்தை உள்ளே அழுத்தச் சொன்னேன். பத்து எண்ணுவதற்குள் இருமிக்கொண்டு எழுந்தார். சட்டை முழுக்கத் தண்ணீர்.

“உள்ள இழுக்கறதை மறந்துடுங்க” என்றேன். “வெளிய விடறதை மட்டும் நெனைங்க. முழுசா விடுங்க. விட்டா தானா உள்ள வரும். எனக்குச் சின்ன வயசுல டாக்டர் சொன்னது.”

என் உள்ளங்கையை அவர் முதுகில் வைத்து மெதுவாக அழுத்தினேன். இழுப்பு வரும் இரவுகளில் அம்மா எனக்குச் செய்வது. முப்பது எண்ணினேன். நாற்பது.

4 மார்ச், ஞாயிறு

டப்பில் மூன்று நிமிடம். கீழ் வீட்டு பாமா அக்கா எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்காரருக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டாள்.

10 மார்ச், சனி

பாஸ்! ஒரு தடவை இல்லை, நான்கு தடவை. மாஸ்க்கைக் கழற்றி, ஒரு நிமிடம் இருந்து, மாட்டி, ஊதி, பதறாமல். நான் குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து தண்ணீருக்குள் காலை விட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காவது முறை முடிந்ததும் ஃபாத்திமா அடியிலிருந்தே என்னைப் பார்த்துக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளைத்து ஓகே காட்டினாள். அவரிடம் அல்ல, என்னிடம்.

18 மார்ச், ஞாயிறு. முருடேஷ்வர்

கடல்.

படகில் வாந்தி எடுக்காதவள் நான் ஒருத்திதான். ஃபாத்திமா எனக்கு வேலை கொடுத்திருந்தாள். யார் எத்தனை மணிக்கு இறங்கினார்கள், எத்தனை மணிக்கு மேலே வந்தார்கள் என்று பலகையில் எழுத வேண்டும். இறங்குவதற்கு முன் உமேஷின் பெல்ட், சிலிண்டர், வால்வு, மஞ்சள் குழாய் எல்லாவற்றையும் நான்தான் தொட்டுப் பார்த்துச் சரிபார்த்தேன். கடைசிக் கேள்வியையும் கேட்டேன்.

“இருக்கு” என்றார். “எப்படிச் சமாளிச்சேன்னு மேல வந்ததும் சொல்றேன்.”

9.42க்கு இறங்கினார். அதற்குப் பிறகு வெறும் தண்ணீர். நீலம் கூட இல்லை, ஒரு மாதிரி பச்சை. வாட்ச்சைப் பார்த்தேன், தண்ணீரைப் பார்த்தேன், வாட்ச்சைப் பார்த்தேன். கதவுக்கு வெளியே நிற்பது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொண்டேன்.

10.15க்கு முப்பதடி தள்ளித் தலை ஒன்று எழும்பியது. தூரத்தில் இருந்தால் விரலைக் காட்டினால் தெரியாது. கையைத் தூக்கி வளைத்து, விரல் நுனி உச்சந்தலையில் படும்படி வைத்து, பெரிய வட்டமாகக் காட்ட வேண்டும். காட்டினார். நானும் எழுந்து நின்று காட்டினேன். படகுக்காரர் பார்த்துச் சிரித்தார்.

ஏறியதும் மூக்கிலிருந்து வழியும் உப்புத் தண்ணீரோடு சொன்னார்: “வெளிய விடறதை மட்டும் நெனச்சேன். வேற எதையும் நெனைக்கல. நீ சொன்ன மாதிரியே.”

மத்தியானம் நான் மிதவைக்குழாயோடு இறங்கினேன். சுருக்குப்பை படகில், ஃபாத்திமாவின் கையில். கீழே மஞ்சள் வரி போட்ட மீன் கூட்டம் ஒன்று என்னை மதிக்காமல் போனது. மூன்று மீனை விழுங்கியவள் என்று அவற்றுக்கு யார் சொல்வது!

9 ஜூலை 2008, புதன்

பழைய டைரியிலேயே எழுதுகிறேன். நிறைய பக்கம் காலி.

ஐந்தாவது மாதம். இன்று ஆஸ்பத்திரியில் பதிவு செய்தோம். மாமியார் ஆனேக்கலிலிருந்து முதல் பஸ்ஸிலேயே வந்துவிட்டார். அம்மா நேற்றே வந்து பழுப்புப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நர்ஸ் ஒரு ஃபாரம் கொடுத்தாள். எனக்குக் குனிய முடியவில்லை என்று உமேஷ் வாங்கி எழுதினார். ஒவ்வொரு கேள்வியாக வாய்விட்டுப் படித்துப் படித்து.

சர்க்கரை, இல்லை. ரத்தக் கொதிப்பு, இல்லை.

“ஆஸ்துமா” என்று படித்தார். “ஆமா.” நிமிரக்கூட இல்லை. எழுதிக்கொண்டே போனார்.

“ஹௌதா, அப்படியா?” என்றார் மாமியார். “யாருக்கு?”

“அனுவுக்கும்மா. சின்ன வயசுலேர்ந்து.”

அம்மா அசையவில்லை. அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. மாமியார் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார்.  

“அதுக்கு மருந்து ஏதாச்சும் கையில வெச்சிருக்கீங்களா?” என்று நர்ஸ் கேட்டாள்.

நான் என் பையைத் துழாவினேன். சுருக்குப்பை இல்லை. காலையில் அவசரத்தில் ஆணியிலிருந்து எடுக்க மறந்துவிட்டேன். உமேஷ் என்னை முறைத்தார்.

அப்போதுதான் அம்மா பழுப்புப் பையின் ஜிப்பைத் திறந்தாள். மாமியாருக்கு முன்னாலேயே. உள்ளே கைக்குட்டைக்கு அடியில் கையை விட்டு ஒரு நீல இன்ஹேலரை எடுத்து நர்ஸிடம் நீட்டினாள். “இந்தாம்மா. எப்பவும் ஒண்ணு எங்கிட்ட இருக்கும்.”

“அப்ப சரி” என்றார் மாமியார். “அந்த மருந்தோட பேரை எனக்கு ஒரு சீட்டுல எழுதிக் குடு உமேஷ். நானும் ஒண்ணு வாங்கி வெச்சுக்கறேன்.”

அம்மா கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

நர்ஸ் எழுதிக்கொண்டு திருப்பிக் கொடுத்தபோது அதை வாங்கி அடிப்பக்கம் பார்த்தேன். பழையது காலாவதியாகும் முன்பே அம்மா புதிதாக வாங்கி மாற்றியிருக்கிறாள், தேதி முடிய இன்னும் ஒன்றரை வருடம் இருந்தது.